கை நடுங்குவது கேமராவுக்கு எப்படித் தெரியும்?

பணி ஓய்வுக்குப் பிறகு, 63 வயதில் முதல் கேமரா வாங்கியிருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "கையெழுத்துப் போடும்போதே விரல் லேசாக நடுங்குகிறது. எடுக்கும் போட்டோக்களில் பாதி கலங்கலாக வருகின்றன. நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி கேமராவிலேயே இருக்கிறது என்கிறார்கள். நடுங்குவது என் கை. அது கேமராவுக்கு எப்படித் தெரியும்?"

அந்தக் கடைசிக் கேள்வி இரண்டு நாளாக என்னை விடவில்லை.

முதலில் ஒரு ஆறுதல். இருபது வயதுக்காரர் கையும் நடுங்கத்தான் செய்கிறது. நலமாக இருக்கும் எல்லோருடைய கையிலும் நொடிக்கு 8 முதல் 12 தடவை வரை ஒரு மெல்லிய அதிர்வு ஓடிக்கொண்டே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். (நடுக்கம் புதிதாக வந்ததாகவோ வளர்வதாகவோ இருந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கேமரா அதை மறைக்கும், குணமாக்காது.)

கண்ணுக்கே தெரியாதது படத்தைக் கெடுக்குமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 24 மெகாபிக்சல் கேமரா, 36 மில்லிமீட்டர் அகலமுள்ள சென்சார் (ஒளி விழுந்து படமாகும் சில்லு). அகலத்தில் 6000 பிக்சல்கள், ஒவ்வொன்றும் 6 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் 1000-ல் 6 பங்கு. அதில் 200 மில்லிமீட்டர் லென்ஸை மாட்டினால், கேமரா ஒரு டிகிரியில் ஏறத்தாழ 600-ல் ஒரு பங்கு திரும்பினாலே போதும், காட்சி முழுக்க ஒரு பிக்சல் தள்ளிப் போய்விடும். சுவர்க் கடிகாரத்தின் நிமிட முள் நொடியில் 60-ல் ஒரு பங்கு நேரத்துக்குள் திரும்பும் கோணம் அது. ஒளியை உள்ளே விடும் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் நம் கை இதைவிடப் பல மடங்கு திரும்பிவிடுகிறது.

அதனால்தான் பழைய ஆட்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள்: 200 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் ஷட்டர் 1/200 நொடிக்கு மேல் திறந்திருக்கக் கூடாது, 50 என்றால் 1/50. வெளிச்சம் நிறைய இருந்தால் சரி. மாலை மங்கினால் முக்காலிதான். நிலைப்படுத்தும் வசதி வந்ததும் இந்தக் கணக்கு தளர்ந்துவிட்டது. "5 ஸ்டாப்" என்று கேமரா பெட்டியில் போட்டிருந்தால் (ஒவ்வொரு ஸ்டாப்பும் நேரத்தை இரட்டிப்பாக்கும்), 1/200 நொடிக்குப் பதில் அதன் 32 மடங்கு நேரம், அதாவது 1/6 நொடி வரை கையில் பிடித்தே எடுக்கலாம் என்று பொருள். இது ஆய்வகக் கணக்கு. உங்கள் கைக்கு அதில் ஒன்றிரண்டு ஸ்டாப் குறைத்துக்கொள்ளுங்கள்.

இனி எனக்குப் பிடித்த இடம். ஒரு சாவியை நூலில் கட்டித் தொங்கவிட்டு முன்னும் பின்னுமாக ஆட்டிவிடுங்கள். அது ஆடிக்கொண்டிருக்கும்போதே, நூலைப் பிடித்திருக்கும் விரல்களை அதே இடத்தில் மெதுவாகத் திருப்புங்கள். சாவி உங்களைப் பொருட்படுத்தாது. ஆரம்பித்த திசையிலேயே ஆடும். இப்போது உங்கள் நகத்தின் மேல் ஓர் எறும்பு உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். நகத்தோடு சேர்ந்து தானும் திரும்புவது அதற்குத் தெரியாது. முன்னும் பின்னுமாக ஆடிய சாவி பக்கவாட்டில் விலகுகிறது என்றுதான் அது நினைக்கும். ஆனால் கெட்டிக்கார எறும்பாக இருந்தால், சாவி விலகும் வேகத்தை வைத்தே தான் திரும்பும் வேகத்தைச் சொல்லிவிடும்.

கேமராவுக்குள் இருக்கும் ஜைரோ சிப், அதாவது திரும்பும் வேகத்தை அளக்கும் சில்லு, அந்தக் கெட்டிக்கார எறும்புதான். சிலிக்கானில் செதுக்கிய ஒரு நுண்துண்டு, முடியைவிட மெல்லிய சிலிக்கான் ஸ்பிரிங்குகளில் தொங்கியபடி நொடிக்குப் பல்லாயிரம் தடவை இப்படியும் அப்படியும் அதிர்ந்துகொண்டே இருக்கும். கேமரா திரும்பாதவரை ஒரே கோட்டில் அதிரும். திரும்பிய கணமே பக்கவாட்டில் ஒதுங்கும். எவ்வளவு ஒதுங்கும் என்கிறீர்கள்? ஓர் அணுவின் விட்டத்தைவிடச் சிறிய விலகலைக்கூட அந்தச் சிப் கண்டுபிடித்துவிடும். துண்டின் ஓரத்தில் சீப்புப் பல் போல வரிசையாகத் தகடுகள் இருக்கின்றன. எதிரே இன்னொரு சீப்பு. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளி மாறினால் மின்தேக்குத் திறன், அதாவது அவை மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் அளவு, மாறும். அதைத்தான் அளக்கிறார்கள்.

நம்மைச் சுற்றிப் பறக்கும் ஈக்குள்ளும் இதே தந்திரம் உண்டு. ஈக்கும் கொசுவுக்கும் இறக்கைகள் இரண்டுதான். பின்னிறக்கைகள் இருக்க வேண்டிய இடத்தில், நுனியில் குமிழ் வைத்த இரண்டு சிறு குச்சிகள் இருக்கும். பறக்கும்போது அவை இறக்கையின் தாளத்திலேயே அதிரும். உடல் திரும்பினால் குச்சி பக்கவாட்டில் வளையும், அடியிலுள்ள நரம்புகள் அதை உணரும். இந்தக் குச்சிகளை அகற்றினால் ஈ ஒழுங்காகப் பறக்க முடியாமல் விழுகிறது என்பது 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தெரிந்த விஷயம். சிறியவற்றை மிக அருகிலிருந்து எடுக்கும் மேக்ரோ லென்ஸ் வாங்கும் எண்ணம் இருந்தால் கொசு மாதிரியே நீண்ட கால்களோடு இருக்கும் கிரேன் ஈயைத் தேடுங்கள். அதன் குச்சிகள் படத்தில் தெளிவாகவே விழும்.

ஈயின் பின்னிறக்கையை ஆராய்வதற்கா பணம் என்று கேட்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நிதி கேட்கும் விண்ணப்பங்களில் "இதனால் உடனடிப் பயன் என்ன" என்று ஒரு கட்டம் இருக்கும். 1851-ல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ, பூமி சுழல்வதைக் காட்ட, பாரிஸில் 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டு ஆட்டிக் காட்டினார். உங்கள் சாவி செய்ததைத்தான் அந்தக் குண்டும் செய்தது. அவருக்கு அந்தக் கட்டத்தைக் கொடுத்திருந்தால் என்ன எழுதியிருப்பார்? கேமரா நடுக்கம் என்று நிச்சயம் எழுதியிருக்க மாட்டார்.

சரி, திரும்பும் வேகம் தெரிந்துவிட்டது. வேகத்தை நேரத்தோடு கூட்டிக்கொண்டே போனால் கோணம் கிடைக்கும். கோணத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் (லென்ஸின் மேல் போட்டிருக்கும் அந்த மில்லிமீட்டர் எண்) பெருக்கினால், படம் எவ்வளவு நகர்ந்தது என்பது கிடைக்கும். காந்தங்களுக்கும் கம்பிச் சுருள்களுக்கும் நடுவே மிதக்கும் சென்சார் அதே அளவு நகர்ந்து படத்தைப் பின்தொடரும். சில கேமராக்களில் சென்சாருக்குப் பதில் லென்ஸுக்குள் இருக்கும் ஒரு கண்ணாடி வில்லை நகரும். பழைய ஃபிலிம் காலத்து லென்ஸை மாட்டினால் கேமரா குவியத் தூரத்தைக் கேட்பது இந்தப் பெருக்கலுக்காகத்தான். நான் ஒருமுறை 50 என்று போட்டுவிட்டு 135 லென்ஸில் ஒரு மாலை முழுக்க எடுத்தேன். அத்தனையும் கலங்கல். இன்னொரு முறை, அணைத்து வைத்த கேமராவுக்குள் ஏதோ கடகடவென்று ஆடுகிறதே, உடைந்துவிட்டது போலிருக்கிறது என்று பழுதுபார்ப்பவரிடம் ஓடினேன். மின்சாரம் இல்லாததால் பிடிமானம் விட்ட சென்சார் அது. உங்கள் கேமராவிலும் கேட்டால் பயப்பட வேண்டாம்.

ஒன்றை மட்டும் இந்த ஏற்பாடு செய்யாது. ஓடும் குழந்தையை நிறுத்தாது. உங்கள் கை அசைவதுதான் ஜைரோவுக்குத் தெரியும், எதிரே ஓடுபவரைத் தெரியாது. அங்கே 1/500 நொடிதான் வழி.

அப்புறம், ஜைரோ ஒப்பிடுவது உங்கள் வீட்டுச் சுவரோடு அல்ல, ஃபூக்கோவின் குண்டைப் போல விண்வெளியோடு. பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது, கடிகாரத்தின் மணி முள்ளில் பாதி வேகம். கல்லாகச் சமைந்து நின்று எடுத்தாலும், கொள்கையளவில் கேமரா இந்தச் சுழற்சியையும் உங்கள் கை நடுக்கம் என்று எடுத்துக்கொண்டு சரிசெய்யப் பார்க்கும். நாம் பார்த்த 200 மில்லிமீட்டர் லென்ஸில் ஒரு பிக்சல் பிசக, அதற்கு அரை நொடிகூட வேண்டாம்.