தொட்டி அளவுக்குத்தான் வளருமாம்!

போன வாரம் ஒரு பச்சை இகுவானா, அதாவது செல்லப்பிராணியாக விற்கிற ஒரு பெரிய பல்லி, செருப்பு டப்பாவில் வந்தது. பதினோரு மாதம் ஆகிறது என்றார் கொண்டுவந்தவர். "ரெண்டு நாளா சாப்பிடல டாக்டர், மத்தபடி நல்லாத்தான் இருக்கு. தொடையைப் பாருங்க, எப்படிக் கொழுகொழுன்னு ஆயிருக்கு!"

தொட்டுப் பார்த்தேன். சதை இல்லை. சுண்ணாம்புச் சத்து கரைந்துபோன எலும்பைத் தாங்கிப் பிடிக்க, உடம்பு அவசர அவசரமாகச் சுற்றிவைத்த நார்த்திசு. கீழ்த்தாடையை விரலால் லேசாக அழுத்தினால் ரப்பர் மாதிரி வளைந்தது. அதன் கால் விரல்கள் துடித்துக்கொண்டே இருந்தன. எக்ஸ்ரேயில் எலும்பு எங்கே முடிகிறது, சதை எங்கே தொடங்குகிறது என்று சொல்வதே கஷ்டம்.

இந்த வருடம் எனக்கு இது நான்காவது. நான்கு பேருக்கும் கடையில் சொல்லி அனுப்பிய வசனம் ஒன்றுதான்: "தொட்டி எவ்வளவு பெரிசோ, அந்த அளவுக்குத்தான் சார் வளரும்."

மீன் விற்கிற இடத்தில் பிறந்த வசனமாக இருக்க வேண்டும். அங்கேயும் அது பொய்தான். சரி, ஒருமுறை பொறுமையாகவே சொல்கிறேன். முட்டையிலிருந்து வெளிவரும் இகுவானாக் குஞ்சு ஒரு சாண் நீளம். ஒழுங்காக வளர்த்தால் வாலோடு சேர்த்து ஒன்றரை மீட்டர், ஆண் என்றால் இரண்டு மீட்டரைக்கூட நெருங்கும். உள்ளங்கையில் அடங்கும் சல்கேட்டா ஆமைக்குஞ்சு ஒருநாள் 45 கிலோவைத் தாண்டும். வாங்கியவரையும் தாண்டி உயிரோடு இருக்கும். பர்மிய மலைப்பாம்புக் குட்டி இரண்டடிதான் இருக்கும், பெரிய பெண் பாம்பு ஐந்து மீட்டர் வரை போகும். சுவரைத் தொட்டுப் பார்த்து, "இடம் அவ்வளவுதான், நிறுத்திக்கொள்வோம்" என்று முடிவெடுக்கும் உறுப்பு ஊர்வனவற்றின் உடம்பில் எங்கேயும் இல்லை. பிரேதப் பரிசோதனை மேசையில்கூட நான் அதைக் கண்டதில்லை.

"இல்லை டாக்டர், அந்தக் கடையிலேயே மூணு வயசு இகுவானா ஒண்ணு இருக்கு, இத்துனூண்டுதான் இருக்கு" என்பார்கள். இருக்கும். அது நோயாளி. சின்னத் தொட்டியில் ஒரு ஓரம் சூடாகவும் மறு ஓரம் குளிர்ச்சியாகவும் வைக்க இடமே கிடையாது. வேண்டிய சூடு ஏறாவிட்டால் இந்தப் பிராணிகளுக்குத் தின்றது செரிக்காது. செரிக்காவிட்டால் எதை வைத்து வளரும்? வளர்ச்சி குன்றிய குழந்தையைப் பார்த்து "வீடு சின்னது, அதான்" என்று யாராவது சொல்வோமா? பல்லி விஷயத்தில் மட்டும் அதையே ஒரு வசதியாகச் சொல்லி விற்கிறார்கள், நாமும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு வருகிறோம்.

கடைப் பையன்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஒருமுறை ஒரு கடையில், விளக்குக்குக் கீழே எத்தனை டிகிரி இருக்கிறது என்று கேட்டேன். பையன் விளக்கை அண்ணாந்து பார்த்துவிட்டு, "எரியுது சார்" என்றான். அவனுக்கு விலைப்பட்டியலைத் தவிர யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை. கோபமெல்லாம் முதலாளி மேல்தான். ஐந்து மீட்டர் வளரப்போகும் பாம்பை விற்பவருக்கு, அது வளர்ந்தபின் எப்படி இருக்கும் என்று ஒரு அட்டையில் எழுதி ஒட்ட எவ்வளவு நேரமாகும்?

அப்புறம் அந்த விளக்கு. வெறும் வெளிச்சம் போதாது; சூட்டுக்கு ஒன்று, யூவிபி கதிருக்கு (வெயிலில் இருக்கும் ஒருவகைப் புற ஊதாக் கதிர்) ஒன்று என்று வைக்க வேண்டும். யூவிபி இல்லாவிட்டால் தோலில் வைட்டமின் டி3 உருவாகாது, நீங்கள் கொட்டிக் கொட்டிக் கொடுக்கும் கால்சியம் பவுடர் வந்த வழியே போகும். "ஜன்னல் ஓரமாத்தான் வச்சிருக்கோம், நல்ல வெயில்" என்று வாதாடாதீர்கள். கண்ணாடி யூவிபியைத் தடுத்துவிடும், தொட்டி மட்டும் அடுப்பாகும். யூவிபி விளக்கும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் சக்தி இழந்துவிடும். அதற்குப் பிறகும் அது எரியத்தான் செய்யும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. வாங்கிய தேதியை விளக்கு மேலேயே எழுதிவையுங்கள். சூடாகும் செயற்கைக் கல் என்று ஒன்று விற்கிறார்கள், தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். வயிறு வெந்துபோகும்வரை அதன்மேலேயே படுத்துக் கிடக்கும் பிராணிகளை நான் பார்த்திருக்கிறேன்.

இகுவானா இலை தின்னும் பிராணி. நாய் உணவு, முட்டை, புழு எல்லாம் கொடுத்துச் சிறுநீரகத்தைக் கெடுக்காதீர்கள்.

வீட்டில் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் ஊர்வன வேண்டாம், இதில் பேரமே கிடையாது. பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் ஆமைகூட, வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தரும் சால்மோனெல்லாக் கிருமியைச் சுமந்து திரியும். நாலு அங்குலத்துக்குக் குறைவான ஓடுள்ள ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்க அமெரிக்கா 1975-லேயே தடை போட்டதற்குக் காரணம், குழந்தைகள் அவற்றை வாயில் வைத்ததுதான். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தொட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள்.

மேலே சொன்ன இகுவானா, சல்கேட்டா ஆமை, பர்மிய மலைப்பாம்பு மூன்றும், காட்டுயிர்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை. எங்கிருந்து வந்தது என்பதற்குக் காகிதம் கேளுங்கள். மழுப்பினால் வெளியே வந்துவிடுங்கள். வாங்கியும் விட்டீர்கள், வளர்ந்தும் விட்டது, சமாளிக்க முடியவில்லை என்றால் ஏரியிலோ காட்டிலோ விட்டுவிட்டு "விடுதலை கொடுத்தோம்" என்று என்னிடம் பெருமை பேசாதீர்கள். ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் இன்று பர்மிய மலைப்பாம்புகள் உள்ளூர் விலங்குகளைத் தின்று தீர்ப்பது இப்படி வெளியே போன செல்லப்பிராணிகளால்தான். தெரியாவிட்டால் மருத்துவரைக் கேளுங்கள். திட்டுவேன்தான், ஆனாலும் கொண்டுவாருங்கள்.

செருப்பு டப்பா இகுவானா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கால்சியம், சூடு, குழாய் வழியாக உணவு. துடிப்பு நின்றுவிட்டது. முதுகின் வளைவு இனி நிமிராது. நேற்று முதல்முறையாகத் தானே ஒரு இலையைக் கவ்வியது, கிழிக்கத்தான் முடியவில்லை, தாடை மடங்கிவிட்டது. பொடிப்பொடியாக நறுக்கி வைத்தோம். கொஞ்சம் தின்றது.