அணைத்து வைத்த கைப்பேசியும் பதில் சொல்லும்

நீட் தேர்வுக்குச் செல்லும் மாணவியரின் ஆடைக் கொக்கியைக்கூட விட்டுவைக்காத சோதனையில், அணைத்து மறைத்து வைத்த மின்னணுக் கருவி எப்படித் தப்பிவிடுகிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

நுழைவாயிலில் நம்மைத் தடவிச் செல்லும் மெட்டல் டிடெக்டருக்கு உலோகம் இருக்கிறதா என்பது மட்டுமே தெரியும். அதன் கம்பிச்சுருள் எழுப்பும் மாறும் காந்தப்புலம், அருகில் வரும் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்த மாற்றத்தை உணர்ந்து கருவி ஒலிக்கிறது. தோடும் கொக்கியும் புளூடூத் கருவியும் அதற்கு ஒன்றுதான். 2022ஆம் ஆண்டு கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் நீட் எழுத வந்த மாணவியரை உள்ளாடையைக் கழற்றச் சொன்னதாக எழுந்த புகாருக்குப் பின்னால் இருந்ததும் உலோகக் கொக்கிதான். அதற்கு முந்தைய ஆண்டு ராஜஸ்தானின் ஆசிரியர் தகுதித் தேர்வில், செருப்பின் அடிப்பகுதிக்குள் புளூடூத் கருவியைப் பொதித்து வந்தவர்கள் பிடிபட்டார்கள்.

நாம் தேட வேண்டியது உலோகத்தை அன்று, மின்னணுச் சில்லுகளைச் செய்யப் பயன்படும் சிலிக்கான் போன்ற குறைக்கடத்தியை. எந்த மின்னணுக் கருவியும் டையோடோ டிரான்சிஸ்டரோ இல்லாமல் இயங்காது. அவற்றில் இருவகைக் குறைக்கடத்திகள் ஒட்டிச் சேரும் இடமான பி-என் சந்தியை நேரடியாகத் தேடும் கருவி, உளவுத்துறையினர் ஒட்டுக்கேட்புக் கருவிகளைக் கண்டுபிடிக்கப் பல்லாண்டுகளாகப் பயன்படுத்தி வருவதுதான்.

அது செயல்படும் விதம் எனக்கு அலுக்காத ஒன்று. மின்னழுத்தம் இரட்டித்தால் மின்னோட்டமும் இரட்டிக்கும் என்பது ஓம் விதி. அந்த விதிக்குக் கட்டுப்பட்ட கொக்கியின்மீது 850 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை பட்டால், திரும்பி வருவதும் 850 மெகாஹெர்ட்ஸ் அலையே. பி-என் சந்தியோ ஒரு திசையில் மின்னோட்டத்தைச் சடசடவெனப் பெருகவிட்டு, எதிர்த்திசையில் ஏறக்குறைய அடைத்துவிடுகிறது. சமச்சீராக வந்த அலை இதனால் ஒருபுறம் கூர்ந்தும் மறுபுறம் சப்பையாகவும் உருக்குலைகிறது. ஒலிபெருக்கியில் சத்தத்தை அளவுமீறிக் கூட்டும்போது குரலில் இல்லாத கரகரப்பு வந்து சேர்வதைப் போல, உருக்குலைந்த அந்த அலைக்குள் 1,700, 2,550 மெகாஹெர்ட்ஸ் என்று அனுப்பாத அதிர்வெண்கள் பிறக்கின்றன. கண்டறி கருவி அந்த 1,700க்குத்தான் காது கொடுக்கிறது. சுற்றுப்பலகையின் செப்புத் தடங்களே ஏரியலாக மாறி, வந்த அலையிலிருந்தே மின்னழுத்தத்தைப் பெற்றுக்கொள்வதால், கைப்பேசி அணைந்திருந்தாலும், பேட்டரியே இல்லாவிட்டாலும் பதில் வரும்.

இரண்டு உலோகத் துண்டுகளுக்கு இடையே உள்ள துருவும் இப்படி அலையைக் கெடுக்கும். ஆனால் துரு இரு திசையிலும் ஏறத்தாழ ஒரேமாதிரி நடந்துகொள்வதால் மும்மடங்கு அதிர்வெண்ணே அதில் ஓங்கும். குறைக்கடத்தியில் இருமடங்கு அதிர்வெண் ஓங்கும். ஐயம் தீராவிட்டால் இயக்குபவர் அந்த இடத்தைக் கையால் தட்டிப் பார்ப்பார். துருவின் தொடர்பு தளர்ந்து இறுகுவதால் அதன் சமிக்ஞை துள்ளும். குறைக்கடத்தியின் சமிக்ஞை அசையாமல் நிற்கும்.

குறை இதன் எட்டும் தொலைவில்தான் உள்ளது. தொலைவு இருமடங்கானால், திரும்பி வரும் இருமடங்கு அதிர்வெண்ணின் திறன் 64இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். மனிதர்மீது பாய்ச்சும் அலையின் திறனை விருப்பம்போல் கூட்டவும் முடியாது. எனவே ஒவ்வொருவரின் அருகிலும் கண்டறி கருவியைக் கொண்டுசெல்ல வேண்டும். உலோகத் தகட்டால் முழுவதும் மூடி மறைத்த மின்னணுக் கருவி பதில் சொல்லாது. ஆனால் அந்தத் தகட்டை மெட்டல் டிடெக்டர் காட்டிக்கொடுத்துவிடும். காதுக்குள் போடும் சின்னஞ்சிறு காந்தமணியில் குறைக்கடத்தியே கிடையாது. அது ஒலிக்க வேண்டுமானால் கழுத்தைச் சுற்றிய கம்பிவளையத்துக்கு மின்னோட்டம் தரும் பெருக்கி ஒன்று ஆடைக்குள் இருந்தே ஆகவேண்டும், அது சிக்கிக்கொள்ளும்.

2024 செப்டம்பரில் அசாமில் ஓர் ஆள்சேர்ப்புத் தேர்வுக்காக மாநிலம் முழுவதும் மொபைல் இணையத்தைச் சில மணி நேரம் முடக்கினார்கள். மருத்துவமனைக்கும் கடைக்கும் சேர்த்து விதித்த தண்டனை அது என்பது என் கருத்து. ஜாமர் வைத்தாலும் அது அலையை மறிக்குமே தவிர, கருவி எவரிடம் இருக்கிறது என்று சொல்லாது. நம் பொறியியல் கல்லூரிகளின் நுண்ணலை ஆய்வகங்களுக்கு நிதி கொடுத்து, குறைந்த திறனில் இயங்கும் மலிவான கண்டறி கருவியை உருவாக்கச் சொல்லலாம். செவித்திறன் கருவி, இன்சுலின் பம்ப் போன்றவற்றிலும் குறைக்கடத்தி உண்டு என்பதால், அவற்றை அணிந்தவர்கள் முன்கூட்டியே பதிவு செய்ய வழி வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களை இந்தச் சோதனைக்கு உட்படுத்தாமல் கையால் மட்டுமே சோதிக்க வேண்டும்.