தப்பான எண்ணையும் வாங்கிக்கொண்டு ஓடும் புரோகிராம்

சேலத்தைச் சுற்றியுள்ள சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்கும் கிழங்கு வியாபாரிகளுக்கும் பில் போடும் மென்பொருள் எழுதித் தருவது என் தொழில். வார இறுதியில் கல்லூரி மாணவர்களுக்கு பைதான் என்ற புரோகிராமிங் மொழியைச் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களுக்குத் தரும் முதல் பயிற்சி, மரவள்ளிக்கிழங்கு லோடுக்கு பில் போடும் சின்ன கன்சோல் புரோகிராம்.

கிழங்குக்கு எடையை மட்டும் பார்த்து விலை போடுவதில்லை. மாவுச்சத்தை அளந்து இத்தனை பாயிண்ட் என்று சொல்வார்கள்; ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு ரூபாய் என்ற கணக்கில்தான் ஒரு டன்னின் விலை வரும். பாயிண்டுக்கு 350 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 8 டன், 28 பாயிண்ட் என்றால் 78,400 ரூபாய். மூன்று எண்ணை வாங்கிப் பெருக்கினால் புரோகிராம் முடிந்தது. மாணவர்கள் பத்து நிமிடத்தில் எழுதிவிடுவார்கள்.

அப்புறம் பாயிண்ட் கேட்கும் இடத்தில் எழுத்துகளை அடித்துப் பார்ப்பார்கள். எண்ணாக மாற்ற முடியவில்லை என்ற வேல்யூ எரர் வந்து புரோகிராம் நின்றுவிடும். "சார், கிராஷ் ஆகுது சார்" என்று பதறுவார்கள். நான் அவர்களை 280 அடிக்கச் சொல்வேன். எந்த எரரும் வராது. 7,84,000 ரூபாய்க்கு பில் வரும். பயப்பட வேண்டியது இதற்குத்தான். எழுத்து அடித்தால் பைதானே நிறுத்திவிடுகிறது, பணம் கைமாறவில்லை. 280 என்பது நல்ல முழு எண், அடித்ததை முழு எண்ணாக மாற்றும் இன்ட் ஃபங்ஷனுக்கு அதில் எந்தக் குறையும் தெரியாது. அது பாயிண்டாக இருக்க முடியாது என்பது கிழங்கு தெரிந்தவருக்குத்தான் தெரியும். அந்த அறிவைப் புரோகிராமுக்குள் கொண்டுபோக வேண்டியது எழுதுகிறவரின் பொறுப்பு.

பூஜ்யமும் அப்படித்தான். 1997 செப்டம்பரில் அமெரிக்கக் கடற்படையின் யார்க்டவுன் என்ற போர்க்கப்பலில், டேட்டாபேஸின் ஒரு ஃபீல்டில் பூஜ்யம் பதிவாகி, அதைக்கொண்டு வகுக்கப்போய் கணினிகள் முடங்கின. கப்பல் நடுக்கடலில் நகர முடியாமல் நின்றது. எண்தானே என்று உள்ளே விட்டதன் விளைவு அது.

சரி, தடுப்பது எப்படி? முதலில் எல்லாரும் ஒரு இஃப், அதாவது ஒரு நிபந்தனை, போடுவார்கள். தப்பு என்றால் இன்னொரு முறை கேட்கும். இரண்டாம் முறையும் தப்பாக அடித்தால்? அதற்கு இன்னொரு இஃபா? சரியான எண் வரும்வரை கேட்க வேண்டும் என்றால் அது, திரும்பத் திரும்பச் செய்யும் வைல் லூப்பின் வேலை. லூப்புக்குள் கேள்வி கேள், எண்ணாக மாற்றிப் பார், எல்லைக்குள் இருந்தால் பிரேக் போட்டு வெளியே வா, இல்லாவிட்டால் என்ன தப்பு என்று சொல்லிவிட்டு மறுபடி கேள். இன்புட் வாங்கும் வரியை லூப்புக்கு வெளியே வைத்துவிட்டால், பழைய தப்பான எண்ணையே திரும்பத் திரும்பப் பார்த்து, திரை முழுக்க "தவறான எண்" என்று ஓடிக்கொண்டே இருக்கும். லேபில் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

அடுத்தது கொஞ்சம் நுட்பமானது. பாயிண்ட் 27.5 என்றும் வரும் என்பதால், புள்ளி வைத்த எண்ணையும் ஏற்கும் ஃப்ளோட் வைக்கிறோம். மாணவர்கள் பெரும்பாலும் கண்டிஷனை இப்படி எழுதுவார்கள்: 10-க்குக் குறைவாகவோ 40-க்கு அதிகமாகவோ இருந்தால் தப்பு, மற்றபடி சரி. இப்போது என், ஏ, என் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து அடித்துப் பாருங்கள். ஃப்ளோட் அதை ஏற்றுக்கொள்ளும்! எண்ணல்லாத ஒன்றைக் குறிக்கும் சிறப்பு மதிப்பு அது. அதை எதோடு ஒப்பிட்டாலும் சிறியதும் இல்லை, பெரியதும் இல்லை. ஆகவே இரண்டு தடுப்பையும் தாண்டி நேராக பில்லுக்குள் போய் உட்கார்ந்துவிடும். கண்டிஷனைத் திருப்பிப் போடுங்கள்: 10-லிருந்து 40-க்குள் இருந்தால் மட்டும் சரி, மற்றதெல்லாம் தப்பு. அதே மதிப்பு இப்போது வாசலிலேயே நின்றுவிடும். எதையெல்லாம் தள்ள வேண்டும் என்று யோசித்தால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். எதை ஏற்க வேண்டும் என்று எழுதினால் அந்தக் கவலை இல்லை.

எல்லாமே இலக்கமா என்று பார்க்கும் இஸ்டிஜிட் வைத்துச் சோதிக்கலாமே என்று கேட்பார்கள். 27.5-ல் புள்ளி இருப்பதால் அது தள்ளிவிடும். மேலே சின்னதாக எழுதும் வர்க்கக் குறியான ²-ஐ இலக்கம் என்று ஏற்கும், ஆனால் இன்ட் அதை மாற்ற மறுக்கும். மாற்றிப் பார்த்து, எரர் வந்தால் பிடித்துக்கொள்ளும் டிரை எக்செப்ட்தான் நம்பகமானது. ஒரு சந்தோஷமான விஷயம், தமிழ் இலக்கத்தில் ௨௮ என்று கொடுத்தாலும் பைதான் அதை 28 என்றே எடுத்துக்கொள்கிறது.

ஆனால் எடையைக் கிலோவில் கேட்கும்போது 8,450 என்று கமாவோடு அடித்தால் எரர்தான். நாம் அப்படித்தானே எழுதிப் பழகியிருக்கிறோம்? அங்கே ஆபரேட்டரைத் திட்டக் கூடாது. மாற்றுவதற்கு முன் கமாவை ரீப்ளேஸ் போட்டு எடுத்துவிடுங்கள்.

எக்செப்ட் என்று மொட்டையாக விடாதீர்கள். வேல்யூ எரர் என்று பெயர் சொல்லிப் பிடியுங்கள். மொட்டை எக்செப்ட், புரோகிராமை நிறுத்த கன்ட்ரோல் சி அழுத்துவதையும் விழுங்கிவிடும், வெளியேற நினைப்பவருக்கு வழியே இருக்காது. இன்புட் முடிந்துபோனால் வரும் ஈஓஎஃப் எரரையும் அது பிடித்து முடிவில்லாமல் சுற்றும்.

சி மொழி படிக்கிறவர்களுக்குச் சிக்கல் வேறு. அதில் இன்புட் வாங்கும் ஸ்கேன்எஃப், எண் வர வேண்டிய இடத்தில் எழுத்தைப் பார்த்தால் அதைத் தொடாமல், அடித்தது காத்திருக்கும் பஃபரிலேயே விட்டுவிடும். அடுத்த சுற்றிலும் அதே எழுத்துதான் எதிரே நிற்கும். எத்தனை மதிப்பைப் படித்தது என்று ஸ்கேன்எஃப் திருப்பித் தரும் எண்ணைப் பார்த்து, மீதி வரியைப் படித்துத் தள்ள வேண்டும். ஜாவாவில் முழு எண் வாங்கும் நெக்ஸ்ட்இன்ட்டும் இப்படித்தான் தப்பானதை எடுக்காமல் விட்டுவிடும்.

செய்தியை எப்படி எழுதுகிறீர்கள் என்பதில் எனக்குக் கண்டிப்பு உண்டு. லாரிகள் வரிசையில் நிற்க, எடைமேடையில் ராத்திரி உட்கார்ந்திருப்பவருக்கு "இன்வாலிட் இன்புட்" என்பது எந்த உதவியும் செய்யாது. "பாயிண்ட் 10 முதல் 40 வரை இருக்க வேண்டும், நீங்கள் கொடுத்தது 280" என்று காட்டினால் புள்ளி விட்டுப்போனது அவருக்கே உடனே தெரியும்.

அந்த 10, 40 என்ற எல்லைகளும் நான் பாடத்துக்காக வைத்தவை. உண்மையான வேலையில் ஆலையில் அளப்பவரிடம் கேட்டுத்தான் எல்லை வைக்க வேண்டும். எல்லைக்குள் இருந்தாலும் வழக்கத்துக்கு மாறாக இருக்கிற எண்ணை நேரே தள்ளிவிடாமல், "37 பாயிண்ட், சரியா?" என்று ஒரு முறை கேட்டு உறுதிசெய்துகொள்ளலாம். அந்த ஆம், இல்லை பதிலுக்கும் ஒரு லூப் தேவை என்பதை மறந்துவிடாதீர்கள்.

இதையெல்லாம் எடை, பாயிண்ட், விலை மூன்றுக்கும் தனித்தனியாக எழுத வேண்டியதில்லை. கேள்வி, கீழ் எல்லை, மேல் எல்லை மூன்றையும் வாங்கிக்கொள்ளும் ஒரே ஃபங்ஷன் போதும். பைதான் 3-ல் அதற்கு எண்_வாங்கு என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம். எழுதி முடித்ததும் வெறும் என்டர், ஒரு ஸ்பேஸ், பூஜ்யம், மைனஸ் 5, 280, கமா போட்ட எடை, சரியாக 10, சரியாக 40, அப்புறம் அந்த மூன்று எழுத்து என ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் காட்டுங்கள்.