'நீர்த்தலை' யாருடைய தலை?

போன மாதமும் கிளினிக்கில் ஒரு துண்டுப்பிரசுரம் தந்தார்கள். மேலே கொட்டை எழுத்தில் 'நீர்த்தலை நோய்'. எனக்கு 48 வயதில் பிடிபட்ட வருத்தத்தின் பெயராம். பக்கத்துக் கதிரையில் இருந்த அம்மா அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு என் தலையை ஒரு சுற்றுப் பார்த்தார். "தம்பி, உங்கட தலை அளவாத்தானே கிடக்கு?"

சொல்லின் பூர்வீகம் பெரிய விசயமில்லை. கிரேக்கத்தில் 'ஹைடோர்' நீர், 'கெஃபலே' தலை, சேர்ந்தால் ஹைட்ரோசெஃபலஸ். பச்சைப்பிள்ளையின் மண்டையோடு இன்னும் பொருந்தியிராது, உள்ளே நீர் பெருகத் தலையும் பெருக்கும், பழைய வைத்தியர்கள் கண்டு பெயர் வைத்தது அதற்குத்தான். வளர்ந்த ஆளின் மண்டையோடு விரியாது. நீர் மூளையைத்தான் நெருக்கும், வெளியில் ஒன்றும் தெரியாது. எனக்கு முதலில் பிழைத்தது கால். வயல் வரம்பில் நடக்கும்போது பாதம் மண்ணோடு ஒட்டினது போல இழுபட்டது, இரண்டு தரம் சேற்றுக்குள் விழுந்தேன். பிறகு மூத்திரம் அடக்க ஏலாமல் போனது, பிறகு மறதி. வயது என்றார்கள், சண்டைக்காலத்து அடி என்றார்கள். ஒருவர் 'தண்ணி' என்றார், அவர் சொன்னது வேறு தண்ணி.

மூலச்சொல்லுக்கு நேரான சொல் என்பதுதான் நீர்த்தலைக்காரரின் ஒரே வாதம். சரி, நேர்தான். ஆனால் தமிழில் இப்படிச் சேரும் சொற்களில் கடைசியில் நிற்பதுதான் பொருள். நீர்க்குடம் என்றால் குடம், இளநீர் என்றால் நீர். அப்படியானால் நீர்த்தலை ஒரு வகைத் தலை. நோய்க்குப் பெயர் வைக்கப் போய் நோயாளிக்குப் பட்டம் வைத்துவிட்டார்கள், இதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வாயில் கொடுத்துப் பாருங்கள், தெரியும். 'தலையில் நீர்க்கோவை' இன்னும் மோசம். நம் சனத்துக்கு நீர்க்கோவை என்றால் தடிமன், மூக்கடைப்பு, தலைப்பாரம். பரந்தனில் கடை வைத்திருக்கிற அண்ணை ஒருவர் நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கச் சொன்னார், மண்டைக்குள் குழாய் வைத்த ஆளிடம். செய்தி எழுதுகிறவர்கள் 'மூளை வீக்கம்' என்பார்கள், மூளையே வீங்குவது வேறு வருத்தம் என்று கேட்டறிய அவர்களுக்கு எங்கே நேரம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த கிறீன் வைத்தியர், வெள்ளைக்காரர், தமிழ் படித்துத் தமிழிலேயே மேலைவைத்தியம் படிப்பித்தவர். இன்று கணினி கொடுக்கிற சொல்லை ஒருக்கால் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கக்கூட ஆளில்லை.

உள்ளே நடப்பது இதுதான். மூளைக்குள் நாலு அறை. வளர்ந்த ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 மில்லிலீற்றர் நீர் ஊறுகிறது, ஒரு நேரத்தில் நிற்பது 150 அளவு, ஊறுகிற அளவுக்கு இரத்தத்தோடு போய்ச் சேர்ந்தபடியே இருக்கும். வழி அடைபட்டாலோ வடிவது குறைந்தாலோ தேங்கும். இரணைமடுக் குளத்துப் பக்கத்து ஆளுக்கு இதை விளங்கப்படுத்தவும் வேண்டுமா? கனகராயன் ஆறு வந்தபடி இருக்க, துருசு என்கிற மதகும் திறக்காமல், வான் என்கிற மிகைநீர் வழியும் பாயாமல் கிடந்தால் குளம் என்னாகும்?

ஆகவே நான் சொல்வது 'மூளைநீர்த் தேக்கம்'. இடைவெளி விடுகிற இடம் கவனம், 'மூளை நீர்த்தேக்கம்' என்று எழுதினால் மண்டைக்குள் அணை கட்டினது மாதிரி ஆகிவிடும். இந்த நீருக்குப் பாடப்புத்தகம் சொல்கிற 'மூளைய முண்ணாண் பாய்பொருள்' பிழையில்லாத சொல்தான், அதற்குப் பின்னால் தேக்கத்தையும் கட்டினால் சொல்லி முடிக்க மூச்சு முட்டும்.

தேங்கிய நீரை வடிக்க வைக்கிற ஷண்டுக்கு 'தடமாற்றி' என்று ஒருவர் எழுதியிருந்தார், ரயில் ஓட்டுகிற நினைப்பு. காதுக்குப் பின்னால் தோலுக்குக் கீழே ஓடி வயிற்றுக்குள் இறங்குகிற குழாய்க்கு 'வடிகுழாய்' போதும். அதில் இருக்கிற வால்வை நான் துருசு என்றுதான் சொல்கிறேன். என்னுடையது வெளியில் இருந்தே காந்தத்தால் கூட்டிக் குறைக்கிற வகை, எம்.ஆர்.ஐ. எடுத்தால் பிறகு அளவு மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். (எடுக்க முதல், சண்டைக்குள் கிடந்த வன்னிச் சனத்திடம் கேட்கிற கேள்வி: "உடம்பில செல் துண்டு ஏதும் இருக்கா?")

இதையெல்லாம் வீட்டில் சொல்லிக் காட்டினேன். மனுசி சோற்றுப்பானையை இறக்கியபடி, "தேக்கம் எண்டு சொல்லுங்கோ, நாளைக்கு வான் கதவு எப்ப திறப்பியள் எண்டு கேட்டு வருவினம்" என்றாள்.