பழைய விலையைக் காட்டிய போன்

தீபாவளிக்கு முந்தின வாரம் அத்தானின் பலகாரக் கடையில் ஒரு சிறு வாக்குவாதம். அரைக் கிலோ மைசூர்பாகு வாங்க வந்தவர், கிலோ 480 ரூபாய் என்று போனில் விலைப்பட்டியலைத் திறந்து காட்டினார். கல்லாவில் 560 என்றார்கள். கடையின் இணையதளத்தைக் கவனித்துக்கொள்பவன் நான்தான். இரண்டு நாள் முன்பே புதிய பட்டியலை ஏற்றிவிட்டேன். என் லேப்டாப்பில் 560 என்றுதான் இருந்தது. அவர் போனிலோ பக்கத்தை எத்தனை முறை கீழே இழுத்துப் புதுப்பித்தாலும் 480 அசையவில்லை.

அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய போனில் இருந்த பிரவுசர் பத்து நாள் முன்பு பார்த்ததை ஞாபகம் வைத்திருந்தது. அந்த ஞாபகத்துக்குத்தான் கேஷ் என்று பெயர். ஒளித்து வைப்பது என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் எழுதினால் கல்லாவில் இருக்கும் கேஷும் இதுவும் ஒன்றாகிவிடுவது நம் எழுத்தின் விளையாட்டு.

ஓர் இணையப் பக்கம் ஒரே கோப்பாக வந்து சேர்வதில்லை. பக்கத்தின் எழுத்து ஒரு கோப்பு. படங்கள், எழுத்துருக்கள், தோற்றத்தை வகுக்கும் விதிகள், இயங்கு நிரல்கள் எல்லாம் தனித்தனிக் கோப்புகள். ஒவ்வொன்றையும் பிரவுசர் தனியாகக் கேட்டு வாங்குகிறது. கொடுக்கும்போதே, தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் கணினியான சர்வர் அதன் தலையில் ஒரு சீட்டு ஒட்டி அனுப்புகிறது: ‘கேஷ்-கண்ட்ரோல்: மேக்ஸ்-ஏஜ்=2592000’. கணக்கு விநாடியில், வகுத்துப் பார்த்தால் 30 நாள். அதுவரை இந்தக் கோப்புக்காக என்னிடம் வர வேண்டாம், உன்னிடம் உள்ளதையே காட்டு என்று அர்த்தம். படங்களுக்கு அந்த 30 நாளை எழுதிவைத்ததும் நான்தான்.

பக்கத்தின் எழுத்துக்கு மட்டும் ‘நோ-கேஷ்’ என்று கொடுத்திருந்தேன். இந்தப் பெயரை வைத்தவரிடம் எனக்கு ஒரு வழக்கு உண்டு. சேமிக்காதே என்பது இதன் பொருள் அல்ல. சேமித்துக்கொள், ஆனால் பயன்படுத்தும் முன் ஒவ்வொரு முறையும் என்னைக் கேள் என்பது. சேமிக்கவே கூடாது என்றால் ‘நோ-ஸ்டோர்’ என்று சொல்ல வேண்டும். வங்கிப் பக்கங்களுக்கு உரியது அதுதான்.

கேட்பது எப்படி? சர்வர் கோப்போடு ஈ-டேக் என்ற அடையாளக் குறி ஒன்றையும் தந்திருக்கும். பிரவுசர் அந்தக் குறியைக் காட்டி, என்னிடம் இது இருக்கிறது, மாறியிருக்கிறதா என்கிறது. மாறவில்லை என்றால் சர்வர் கோப்பை அனுப்புவதில்லை, 304 என்ற எண்ணை மட்டும் அனுப்புகிறது. சீட்டே ஒட்டாமல் வரும் கோப்புகளும் உண்டு. அவற்றுக்கு பிரவுசர் தானே ஆயுள் குறிக்கிறது: கடைசியாக மாறி எத்தனை நாள் ஆனதோ அதில் பத்தில் ஒரு பங்கு என்பது வழக்கமான கணக்கு. நூறு நாளாக மாறாத கோப்பு இன்னும் பத்து நாளைக்கு மாறாது என்ற நம்பிக்கை.

இனி நான் செய்த பிழை. விலைப்பட்டியல் பக்கத்தில் எழுத்தாக அல்ல, ஒரு படமாகத்தான் இருந்தது. பழைய படம் இருந்த இடத்தில், அதே பெயரில் புதிய படத்தை வைத்தேன். வாடிக்கையாளரின் போன் பக்கத்தின் எழுத்து மாறியதா என்று கேட்டது. எழுத்து மாறவில்லையே, 304 என்றது சர்வர். உண்மைதான். படத்தைப் பற்றிப் போன் கேட்கவே இல்லை, 30 நாள் முடியவில்லை. கீழே இழுத்துப் புதுப்பித்தும் பலிக்காததற்குக் காரணம், குரோம் 54ஆம் பதிப்பிலிருந்து சாதாரணப் புதுப்பிப்பில் பக்கத்தை மட்டும்தான் சர்வரிடம் சரிபார்க்கிறது. உள்ளே உள்ள படங்களை ஆயுள் இருக்கும்வரை கேஷிலிருந்தே எடுத்துக்கொள்கிறது.

என் லேப்டாப்பில் மட்டும் எப்படிச் சரியாகத் தெரிந்தது? கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தும் பழக்கம் எனக்கு. கேஷை ஒதுக்கிவிட்டு எல்லாவற்றையும் புதிதாகக் கொண்டுவா என்ற கட்டளை அது. இதை நேரில் பார்க்க ஆசைப்படுபவர்கள் கணினியில் குரோமைத் திறந்து எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் என்ற பகுதிக்குப் போய், தினமும் பார்க்கும் செய்தித்தளம் ஒன்றைத் திறக்கலாம். வரிசையாக இறங்கும் கோப்புகளில் பலவற்றின் அளவு இருக்க வேண்டிய இடத்தில் ‘டிஸ்க் கேஷ்’, ‘மெமரி கேஷ்’ என்று இருக்கும். அவை இணையத்திலிருந்து வரவில்லை.

ஆகவே கேஷ் குப்பை அல்ல. போனைச் சுத்தம் செய்கிறோம் என்று வரும் செயலிகள் அதைக் குப்பைக் கணக்கில் சேர்த்து, இத்தனை எம்பி மிச்சம் என்று மார்தட்டுகின்றன. மறுநாள் அதே கோப்புகள் உங்கள் டேட்டாவைச் செலவழித்துத் திரும்ப வந்து உட்காரும். இடம் நிறைந்தால் நெடுநாள் தொடாதவற்றைத் தள்ளிவிட பிரவுசருக்கே தெரியும். ஒரு தளம் உடைந்து தெரிந்தால், பழையதையே காட்டினால், முதலில் அந்த மூன்று விசைகள்; போனில் என்றால் மறைமுகச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) திறந்து பார்க்கலாம். அங்கே சரியாக இருந்தால் கோளாறு பெரும்பாலும் சேமிப்பில்தான். அதன் பிறகே பிரவுசர் அமைப்புகளில் உள்ள, சேமித்ததை அழிக்கும் பெட்டி. அதிலும் சேமித்த படங்கள், கோப்புகள் என்ற வரிக்கு மட்டும் டிக் போதும். பக்கத்திலேயே இருக்கும், உள்நுழைவை ஞாபகம் வைக்கும் குக்கீயையும் சேர்த்து அழித்துவிட்டு, எல்லாத் தளங்களிலும் கடவுச்சொல் கேட்கிறதே என்று புலம்புபவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன்.

அந்தரங்கம் வேறு விஷயம். ஒரு படம் சட்டென்று வந்துவிட்டால் அது ஏற்கெனவே கேஷில் இருந்தது என்று பொருள்; அதாவது நீங்கள் அந்தத் தளத்துக்குப் போயிருக்கிறீர்கள். நேரத்தை அளந்தே வேறொரு தளம் இதைக் கண்டுபிடிக்க முடியும் என்று எட்வர்ட் ஃபெல்டனும் மைக்கேல் ஷ்னைடரும் 2000இலேயே காட்டினார்கள். இதற்கு மருந்து வர ஆண்டுகள் பிடித்தன. பிரவுசர்களில் சஃபாரி 2013இல், குரோம் 2020இல், ஃபயர்ஃபாக்ஸ் 2021இல் கேஷைத் தளவாரியாகத் தடுப்புச் சுவர் எழுப்பிப் பிரித்தன. இன்று பத்துத் தளங்கள் ஒரே எழுத்துருவைப் பயன்படுத்தினால் உங்கள் பிரவுசர் அதைப் பத்து முறை இறக்குகிறது. தெரிந்தே கொடுக்கும் விலை.

ஆரம்பகாலப் பிரவுசர் நிறுவனமான நெட்ஸ்கேப்பில் பணியாற்றிய ஃபில் கார்ல்டன் சொன்னதாக ஒன்று வழங்கும்: கணினி அறிவியலில் கடினமானவை இரண்டே, கேஷைச் செல்லாததாக்குவதும் பெயர் வைப்பதும். என் விஷயத்தில் இரண்டாவது முதலாவதைத் தீர்த்தது. படத்தின் பெயரை ‘விலை-2’ என்று மாற்றி, பக்கத்தில் அந்தப் பெயரை எழுதினேன். பக்கம் மாறிவிட்டதால் 304 கிடைக்காது. புதிய பக்கம் வரும். அதில் உள்ள பெயர் எந்தப் போனின் கேஷிலும் இல்லாததால் புதிய படமும் வந்தே தீரும். பெரிய தளங்கள் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தே ஒரு குறியீட்டைக் கணக்கிட்டுப் பெயரில் சேர்த்துவிடுகின்றன. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் பெயர் மாறும். அந்தத் துணிவில் ஆயுளை 31536000 விநாடி, ஓர் ஆண்டு என்றே கொடுக்கின்றன.

அந்த வாடிக்கையாளருக்கு அத்தான் பழைய விலைக்கே பொட்டலம் கட்டிக் கொடுத்தார். வித்தியாசம் 40 ரூபாயைக் கடை நோட்டில் என் பெயரில் பற்று எழுதிவிட்டார்.