ஒரு ராத்தல் பஞ்சு மேலூர் வரை

விளக்குக்குத் திரி போடத் தெரிந்தவர்களுக்கு நூல் மில்லின் சூட்சுமம் பாதி தெரியும். பஞ்சைக் கிள்ளி இரண்டு பக்கமும் இழுத்தால் பிய்ந்துவிடும். அதையே தொடையில் வைத்து உருட்டிவிட்டு இழுத்துப் பாருங்கள், லேசில் வராது. பசை இல்லை, முடிச்சு இல்லை. புதிதாகச் சேர்ந்தது முறுக்கு மட்டும்தான்.

முறுக்கிய நூலை இழுத்தால் வெளியே சுற்றியிருக்கும் இழைகள் உள்ளிருப்பவற்றை நெரிக்கின்றன. நெருக்கம் கூடக் கூட உராய்வும் கூடும், இழைகள் நழுவ முடியாது. அதற்காக முறுக்கிக்கொண்டே போகவும் கூடாது. அளவு மீறினால் இழைகள் மிகவும் சாய்ந்து நூல் பலம் இழக்கும், சுருண்டும் கொள்ளும்.

1892-ல் ஹார்வி சகோதரர்கள் மதுரையில் மில் தொடங்கினார்கள். அதற்கு முன்பே அவர்கள் நிறுவிய பாபநாசம் மில்லுக்குத் தாமிரபரணி அருவியே சக்தி கொடுத்தது. வைகையை நம்பி அப்படி இறங்க முடியுமா? வருஷத்தில் பாதி நாள் மணல்தானே! இங்கே நீராவி எஞ்சின்தான். நல்லவேளையாக, அதற்கு எரிபொருள் கொண்டுவர 1875-லேயே ரயில் வந்திருந்தது.

கரிசல் காட்டுப் பஞ்சின் இழை ஓர் அங்குலம் இருந்தாலே பெரிது. மில்லில் முதலில் சிப்பத்தை உடைத்துத் தூசி போக்கி, கம்பிப் பற்களால் சீவி, தளர்ந்த கயிறு போல ஆக்குவார்கள். அடுத்து உருளைகள். முன்னால் இருக்கும் ஜோடி பின்னால் இருப்பதைவிட வேகமாகச் சுற்றுவதால் கயிறு மெலிகிறது.

கடைசியில் வரும் ரிங் பிரேம் என்ற நூற்கும் எந்திரம்தான் எனக்குப் பிடித்த இடம். கதிர் என்ற நிமிர்ந்த தண்டில் பாபின், அதாவது நூல் சுற்றும் குழல், சுழலும். அதைச் சுற்றி ஓர் எஃகு வளையம், அதன் மேல் நகம் அளவுகூட இல்லாத ஒரு கம்பிக் கொக்கி. அதற்கு டிராவலர் என்று பெயர். நூல் இந்தக் கொக்கி வழியாகத்தான் பாபினுக்குப் போகும். கொக்கியை யாரும் ஓட்டுவதில்லை, நூல்தான் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. கொக்கி ஒரு சுற்று வந்தால் நூலில் ஒரு முறுக்கு ஏறும். உராய்வால் அது பாபினைவிடக் கொஞ்சம் பின்தங்கும். அந்தப் பின்தங்கலால்தான் நூல் பாபினில் சுற்றிக்கொள்கிறது. முறுக்கு, சுற்று இரண்டையும் ஒரே கொக்கி பார்த்துக்கொள்கிறது!

சரி, நூலின் நம்பர் என்கிறார்களே, அது என்ன? ஒரு சிட்டம் என்பது 840 கஜம். ஒரு ராத்தலில், அதாவது ஒரு பவுண்டில், 40 சிட்டம் வந்தால் 40-ஆம் நம்பர். அதாவது அரைக் கிலோவுக்கும் குறைந்த பஞ்சு, சுமார் 30 கிலோமீட்டர் நீளும். மதுரையிலிருந்து மேலூருக்கே போய்விடலாம். நூல் மெலிய மெலிய அதன் குறுக்கே இருக்கும் இழைகளின் எண்ணிக்கை குறையும், குட்டை இழைகளுக்குப் பிடிப்புப் போதாது. அதனால்தான் கரிசல் பஞ்சு தடித்த நூலுக்கே ஏற்றது. நீண்ட இழை கொண்ட கம்போடியா ரகம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இங்கே வந்தது.

சித்திரை வெயிலில் இன்னொரு தொல்லை. ஈரம் இல்லாத பஞ்சுக்குப் பலம் குறைவு, உராயும்போது மின்னூட்டமும் ஏறி இழைகள் ஒன்றையொன்று விலக்கும். அதனால் மில்லுக்குள் காற்றில் ஈரம் ஏற்ற வேண்டும். வெளியில் அனல், உள்ளே புழுக்கத்தோடு பறக்கும் பஞ்சுத் தூசி. அதை வருஷக்கணக்கில் சுவாசித்தவர்களுக்கு மூச்சுத் திணறும் நுரையீரல் நோய் வரலாம்.

இவ்வளவு செய்தும் நூல் அறும். அப்போது அறுந்த முனையை எடுத்து, உருளையிலிருந்து வரும் பஞ்சின் மேல் தொட்டாற்போல் வைப்பார்கள். முடிச்சு போடுவதில்லை. ஏறுகிற முறுக்கே இரண்டையும் பிடித்துக்கொள்ளும்.