அந்த 'என்று' எங்கே போனது?

சென்ற வாரம் இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடு) ஓர் அம்மா எங்கள் வானொலிக் கலையகத்துக்கு வந்தார். அறுபதைத் தாண்டியவர். கையில் புடைவைக் கடைப் பை. பைக்குள் அடையாள அட்டைப் பிரதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், பழைய மின்கட்டணப் பட்டியல் ஒன்று. உட்காரச் சொல்லியும் உட்காராமல் சுவரோரமாகவே நின்றார்.

"தம்பி, வீட்டுக்குப் பெயர் எழுதுகிறீர்களாமே. எங்கள் லயத்துப் பக்கம் இன்னும் யாரும் வரவில்லை. அதுதான் நானே வந்துவிட்டேன்."

இதே காரியமாக எங்களிடம் வந்தவர்களில் அவர் நான்காமவர். முதல் ஆள் வந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இன்று அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இந்த அம்மா படிவம் நிரப்பித் தருகிறேன் என்ற ஒருவனிடம் 500 ரூபாய் கொடுத்திருந்தார். ஓய்வு பெற்ற பிறகும் கைக்காசுக்குக் கொழுந்து பறிப்பவர். அன்றைய கைக்காசும் போயிற்று, பஸ் காசும் போயிற்று.

"யார் அம்மா சொன்னது?" என்று கேட்டேன். "உங்கள் ரேடியோதான் சொன்னது" என்றார். பேரன் அனுப்பியிருந்த ஒலித்துண்டைத் தொலைபேசியில் போட்டுக் காட்டினார்.

14 விநாடி. குரல் எனக்குத் தெரிந்த குரல்தான். 2025 மே 6ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன்பு, ஏப்ரலில், எங்கள் காலை நேர்காணலில் தொலைபேசி வழியாகப் பேசிய பிரதேச சபை வேட்பாளர் ஒருவர். துண்டில் அவர் சொல்வது இது: "தோட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 10 பேர்ச் காணியும் தனி வீடும் கிடைக்கும், பெயர் எழுதத் தொடங்கிவிட்டோம்."

அன்று காலை அந்த நேர்காணலைத் தயாரித்தவன் நான். அவர் உண்மையில் சொன்ன வாக்கியம் இது: "தோட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 10 பேர்ச் காணியும் தனி வீடும் கிடைக்கும், பெயர் எழுதத் தொடங்கிவிட்டோம் என்று சிலர் லயம் லயமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. ஒருவருக்கும் காசு கொடுக்காதீர்கள்."

மோசடியைப் பற்றி எச்சரித்த மனிதரின் குரலே மோசடிக்காரனின் விளம்பரமாகிவிட்டது. வெட்டியவனுக்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஒரே ஒரு 'என்று'வை எடுத்தான், காரியம் முடிந்தது.

நம் மொழி அப்படிப்பட்டது. எதிராளி சொன்னதை முழுதாகச் சொல்லி முடித்த பிறகுதான் 'என்று சொல்கிறார்கள்' வரும். ஒரு திட்டத்தை நீளமாக விவரித்த பிறகுதான் 'செய்ய மாட்டோம்' வரும். 'இல்லை' கடைசியில் நிற்கும். 'முடியாது' கடைசியில் நிற்கும். தலையை விட்டுவிட்டு வாலை நறுக்கினால் போதும், மறுத்தவர் ஒப்புக்கொண்டவராகிவிடுவார். இருபது ஆண்டுகளாக ஒலிப்பதிவு வெட்டி ஒட்டிப் பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: தமிழ்ப் பேச்சைத் திரிப்பதைப் போல எளிதான வேலை எங்கள் தொழிலில் வேறு கிடையாது.

காது பழகியவருக்கு இதில் ஓர் அடையாளம் கிடைக்கும். வாக்கியத்தை முடிக்கும்போது குரல் தானாகத் தாழும். அந்தத் துண்டில் 'தொடங்கிவிட்டோம்' என்ற இடத்தில் குரல் தாழவில்லை. இன்னும் ஏதோ வரப்போகிறது என்பதுபோல மேலேயே தொங்கி நிற்கிறது. அவர் பேசிய அறையின் தகரக் கூரையில் அன்று மழை கொட்டிக்கொண்டிருந்தது. துண்டு முடியும் இடத்தில் மழையும் கத்தியால் அறுத்ததுபோல நிற்கிறது. ஹற்றனில் மழை அப்படி நிற்பதை நான் பார்த்ததில்லை. ஆனால் இதையெல்லாம் நம்பி இருந்துவிட வேண்டாம். ஒருவர் சொல்லவே சொல்லாததை அவர் குரலிலேயே உண்டாக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன. அங்கே என் காதும் உதவாது.

இப்போது என்னை உண்மையிலேயே எரிச்சலூட்டும் விஷயத்துக்கு வருகிறேன். "ரேடியோ சொன்னது."

ரேடியோ சொல்லவில்லை. ரேடியோவில் ஒருவர் சொன்னார். இரண்டுக்கும் இடையில் ஒரு மலை அளவு தூரம் இருக்கிறது. செய்தி அறிக்கையில் நாங்கள் ஒன்றை வாசித்தால் அதற்கு நாங்கள் பொறுப்பு. பிழையென்றால் எங்கள் கழுத்தைப் பிடிக்கலாம். நேர்காணலில் வேட்பாளர் சொல்வது வேட்பாளரின் வாக்கு. நாங்கள் ஒலிவாங்கியைக் கொடுக்கிறோம், கேள்வி கேட்கிறோம், முடிந்தால் மடக்குகிறோம். அவர் சொல்லும் ஒவ்வொரு தொகையையும் அந்த நொடியிலேயே சரிபார்க்க எந்த அறிவிப்பாளராலும் முடியாது. நேரடி நிகழ்ச்சிகளில் சில விநாடி தாமதித்து ஒலியை வெளியே விடும் ஏற்பாடு இருப்பது உண்டு. அது கெட்ட வார்த்தையை நிறுத்தும். பொய்யை நிறுத்தும் பொத்தானை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. பேட்டி முடிந்ததும் நாங்கள் 'நன்றி, வணக்கம்' சொல்கிறோம் அல்லவா? அது மரியாதை. அவர் சொன்னதற்கு நாங்கள் போடும் கையெழுத்து என்று அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. என் தாத்தாவின் லயத்தில் ஒரே ஒரு ரேடியோதான் இருந்ததாம். கொழும்பில் 1925 டிசம்பரில் தொடங்கிய ஒலிபரப்பு பல பத்தாண்டுகள் அரசாங்கத்தின் கையிலேயே இருந்தது. 1948இல் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றுப்போன மலையகத் தமிழரான எங்கள் ஆட்களை, 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இங்கே, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரின் கதி பிறகு என்று இரண்டு அரசாங்கங்கள் பங்கு பிரித்த சேதி ரேடியோ வழியாகத்தான் லயத்து முன்திண்ணையான இஸ்தோப்புக்கு வந்து சேர்ந்தது. அன்று ரேடியோ சொன்னால் அரசாங்கம் சொன்னதாகத்தான் பொருள். சொன்னது நடந்தது, தலையில் விழுந்தது. அந்தப் பயமும் பக்தியும் பேரப்பிள்ளைகள் வரை இறங்கியிருக்கிறது. ஆனால் 1990களில் தனியார் வானொலிகள் வந்தன, அழைப்பை எடுத்தவரெல்லாம் பேசும் நிகழ்ச்சிகள் வந்தன. காலம் மாறிவிட்டது. காதும் மாற வேண்டாமா?

அடுத்தது 'அரசியல் ஆய்வாளர்'. இந்தப் பட்டத்துக்குப் பரீட்சை கிடையாது, நியமனக் கடிதம் கிடையாது. நிகழ்ச்சிக் குறிப்பில் பெயருக்கு முன்னால் நாங்கள் தட்டச்சு செய்தால் அவர் ஆய்வாளர். அவ்வளவுதான். என் பிழை ஒன்றை இங்கே ஒப்புக்கொள்கிறேன். வாரம் தவறாமல் என் நிகழ்ச்சிக்கு வந்து, நடுநிலையாளராக அமர்ந்து, ஒரு கட்சியை மட்டும் மென்மையாகத் தடவிக்கொடுத்துவிட்டுப் போன ஒருவர் நான்காவது மாதம் அதே கட்சியின் வேட்பாளர் பட்டியலில் இருந்தார். நேயர்கள் அவரை ஆய்வாளராக நம்பியது என்னால். அன்று முதல் யார் வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடுகிறேன்: எந்தக் கட்சியில் உறுப்பினர், எந்தத் தொழிற்சங்கத்தில் பதவி, யாரிடம் சம்பளம்? சிலர் கோபித்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். போகட்டும்.

சக தயாரிப்பாளர்களுக்கும் ஒரு வார்த்தை. விருந்தினரின் கட்சியை நிகழ்ச்சியின் தொடக்கத்தில் ஒருமுறை சொல்லிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்காதீர்கள். கொழுந்து நிறுத்துவிட்டு வந்து பாதியில் கேட்பவருக்குப் பேசுவது யாரென்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு விளம்பர இடைவேளைக்குப் பிறகும் பெயரோடு கட்சியையும் சொல்லுங்கள். காசு வாங்கி ஒலிபரப்பும் அரை மணி நேரத்தை 'சிறப்பு நேர்காணல்' என்று அழைக்கும் கெட்டிக்காரத்தனத்தையும் விட்டுவிடுங்கள்.

அரசியலமைப்பின் 104ஆ உறுப்புரையின்படி தேர்தல் காலத்தில் தேர்தல் ஆணைக்குழு ஊடகங்களுக்கு வழிகாட்டல் விதிக்கலாம். வாக்களிப்புக்கு முன்னுள்ள மௌன காலத்தில் பிரசாரம் கூடாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த மௌனத்தால் கட்டிப்போடப்படுவது நாங்கள்தான். வட்ஸ்அப்பில் திரியும் துண்டுக்கு மௌன காலம் கிடையாது. ஒரு வேட்பாளரின் பேச்சை வெட்டி மௌன காலத்து இரவொன்றில் பரப்பினால், மறுநாள் அவரை அழைத்து மறுப்புச் சொல்ல வைக்க எங்களுக்கு வழியில்லை. வெட்டுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கடைசி இரண்டு நாட்களில் வரும் எந்தக் குரலையும் இரட்டிப்புச் சந்தேகத்தோடு கேளுங்கள்.

கேட்கும்போது ஆள் யார் என்று பாருங்கள். அவர் கேட்கும் பதவிக்கு அந்த வேலையைச் செய்யும் அதிகாரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிரதேச சபைக்குப் போட்டியிடுபவர் தோட்டச் சம்பளத்தை உயர்த்துவேன் என்றால் சிரித்துவிட்டு அடுத்த அலைவரிசைக்குப் போங்கள். மாகாண சபையைக் கொண்டு அதைச் செய்வேன், இதைச் செய்வேன் என்பவரிடம் எந்தச் சபை என்று கேளுங்கள். மத்திய மாகாணத்தில் கடைசியாக அதற்குத் தேர்தல் நடந்தது 2013இல், ஊவாவில் 2014இல்.

சம்பளம் என்றால் அரசாங்க அறிவித்தல் இதழான வர்த்தமானியைக் கேளுங்கள். வந்த பிறகும் கொஞ்சம் பொறுங்கள். 2024 மே தினத்தன்று கொட்டகலையில் தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளம் 1,700 ரூபாய் என்று அறிவித்தார்கள். வர்த்தமானி வந்தது, வழக்கும் வந்தது, கடைசியில் செப்டம்பரில் வர்த்தமானியில் நின்றது 1,350. அந்த மே மாதச் சந்தோஷத்தில் கடைக்குக் கடன் வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

வாக்களிக்கும் முறையை வேட்பாளரிடம் கற்றுக்கொள்ளாதீர்கள். 2024 செப்டம்பரில் ஜனாதிபதித் தேர்தல், நவம்பரில் பாராளுமன்றம், அடுத்த மே மாதம் உள்ளூராட்சி. எட்டு மாதத்தில் மூன்று தேர்தல், மூன்று விதமான வாக்களிப்பு. ஜனாதிபதித் தேர்தலில் விரும்பினால் 1, 2, 3 என்று தெரிவு இடலாம். பாராளுமன்றத்துக்குக் கட்சிக்கு முதலில் புள்ளடி (×), பிறகு மூன்று பேர் வரை விருப்பு வாக்கு. உள்ளூராட்சியில் ஒரே புள்ளடிதான். 'என் எண்ணை மறந்துவிடாதீர்கள், எண்தான் முக்கியம்' என்று ஒலிவாங்கியில் கத்தும் வேட்பாளரை நம்பி, கட்சிக்குப் புள்ளடி போடாமல் எண்ணுக்கு மட்டும் போட்டால் அந்தச் சீட்டு குப்பைக்குப் போகும். 2024 பாராளுமன்றத் தேர்தலில் நாடு முழுவதும் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 6 இலட்சத்து 67 ஆயிரத்துக்கும் மேல். வாக்குரிமை இல்லாமல் பல பத்தாண்டு காத்திருந்த சனம் நாம். நம் சீட்டு அந்தக் குவியலில் கிடக்கலாமா?

படிவம், பதிவு, வீடு, காணி என்று எதைக் கேள்விப்பட்டாலும் கிராம உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலகத்திலோ கேளுங்கள். அங்கே கேட்பதற்கு முன் ஒருவனுக்கும் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள்.

தம்பி, தங்கைமாரே, உங்களிடம் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். அம்மம்மாவின் தொலைபேசிக்கு ஒரு துண்டை அனுப்பும் முன் அதற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்று ஒரு நிமிடம் தேடுங்கள். உங்களுக்கு அது ஒரு தட்டல். அவருக்கு அது பேரன் அனுப்பிய சேதி. அதை அவர் சந்தேகிக்க மாட்டார்.

அன்று அந்த அம்மாவைக் கலையகத்துக்குள் அழைத்துப்போய், காதில் ஒலிப்பானை மாட்டி, முழுப் பேட்டியில் அந்த இடத்தைப் போட்டுக் காட்டினேன். 'என்று சிலர்' வந்ததும் அவர் கை பையை இறுக்கிப் பிடித்தது. இன்னொரு முறை போடச் சொன்னார். கேட்டு முடித்து ஒலிப்பானைக் கழற்றி மேசையில் மெதுவாக வைத்தார். "அப்படியானால் அந்த 500 ரூபாய், தம்பி?" என்றார். பொலிஸில் முறைப்பாடு கொடுக்கலாம் என்றேன். தேநீரைக் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்தார்.

லயத்தில் மற்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று பேரனின் தொலைபேசிக்கு முழுப் பேட்டியையும் அனுப்பப் பார்த்தேன். 42 நிமிடம். டேட்டா தீர்ந்துவிடும் என்று அம்மா பயந்தார். ஆகவே அந்த இடத்தை மட்டும், முன்னும் பின்னும் சேர்த்து, 40 விநாடிக்கு நானே வெட்டி அனுப்பினேன்.

இரவு எட்டு மணிக்குப் பேரனிடமிருந்து குரல் பதிவு வந்தது. "ஐயா, இதுவும் வெட்டியதுதானே? முழுதும் அனுப்ப முடியுமா? நாளைக்கு டேட்டா போடுகிறேன்."